ஆறு மாசம் கழிச்சு

ஏனுங்க, உங்க போன்ல டவர் இருக்குதுங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். என்னோடதுல ஒரு கோடுகூட இல்லீங்க. உங்களுதுலயும் இல்லையா? அட சாமி. குஞ்சப்பனை தாண்டினா வரும்னு கண்டக்டர் சொன்னாரு. இன்னும் தாண்டலையா? சரிங்க. வந்துச்சுன்னா மட்டும் எனக்கு ஒரு சத்தம் குடுங்க. உங்களுக்குக் கோடி புண்ணியமுங்க.

இல்லீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லை. மலை ஏறினா தலை சுத்தறவ இல்லை நான். இந்தப் பதட்டம் வேற விசயத்துக்கு. என் தங்கச்சி அரவேணுல இருக்கறா. பூங்கொடின்னு பேரு. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும். குளிக்கற ரூமுல அந்தக் குழாயைத் தொடாதடீன்னு. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்குத்தான் மாத்துப் புடவைகூட எடுக்காம மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறிட்டேன். இந்த டிரைவர் என்னடான்னா மாட்டு வண்டி ஓட்டறாப்பல ஓட்டறாரு.

என்னங்க? என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்குதுங்களா? பாத்திருப்பீங்க, பாத்திருப்பீங்க. வெளிய போனா நாலு பேராச்சும் கேப்பாங்க. 'வாங்கலாமுங்களா' சேனலுங்க. போனு, வாட்சு, காதுல மாட்டறது, மிக்சி, ஃபேனுன்னு எது புதுசா வந்தாலும் நாங்க பாத்துச் சொல்லுவோம். எங்கூட்டுக்காரரு வெள்ளிங்கிரி முன்னாடி நின்னு பெட்டியைப் பிரிப்பாரு. கடைசியில நான் வருவேன். 'ஆறு மாசம் கழிச்சு'ன்னு ஒரு பகுதி வருமே, அந்தச் சாந்தாமணி நான்தானுங்க. அடுப்படியில நின்னுட்டு, "ஆறு மாசமா நம்மூட்டுல இருக்குதுங்க, ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க"ன்னு சொல்லுவேன். அவரைவிட எனக்குத்தான் ஜனம் ஜாஸ்தி. அக்கா சொன்னாச் சரியா இருக்கும்னு கீழ எழுதுவாங்க. படிக்கப் படிக்க மனசு பூரிச்சுப் போகும்.

ஆறு மாசம் வச்சுப் பாத்துத்தான் சொல்றீங்களான்னு கேக்கறீங்களா? அது எப்படிங்க முடியும்? கம்பெனிக்காரங்க சாமானை அனுப்பிட்டு ஒரு வாரத்துல வீடியோ கேப்பாங்க. ஆறு மாசம் உக்காந்திருந்தா அந்தச் சாமானே கடையில இருக்காது. அதனால எல்லாத்தையும் ஒரே மத்தியானத்துல எடுத்துக்குவோம். முதல்ல அவரு தாடியோட பெட்டியைப் பிரிப்பாரு. அப்புறம் தாடியை வழிச்சுட்டு வந்து நிப்பாரு. அது ஒரு மாசம் கழிச்சு. நான் புடவையை மாத்துவேன். மல்லிப்பூவை எடுத்துட்டு டிசம்பர் பூ வச்சுக்குவேன், காலம் மாறிப்போச்சில்ல. செவுத்துல தேதி காலண்டர் தெரிஞ்சா அதுல ஒரு கத்தைத் தாளைக் கிழிச்சுருவோம்.

அப்படிப் பாக்காதீங்க. இதுல ஏமாத்தறதுக்கு என்ன இருக்குது? சினிமாவுல கிழவன் வேசம் போடறவரு நெசமாவே கிழவன் ஆகற வரைக்கும் காத்துட்டா இருக்கறாரு? எல்லா சேனல்லயும் இப்படித்தான். சொல்லப்போனா இதுலதான் வேலை ஜாஸ்தி. புதுச் சாமான்ல ஆறு மாசத்துக் கறையை வர வைக்கறது லேசுப்பட்ட காரியமா? டீத்தூள் தண்ணியில துணியை நனைச்சு ஓரமாத் தடவோணும். தேங்கா நாரை வச்சுப் பட்டும் படாமத் தேய்க்கோணும். ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி. கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சுன்னா, என்னடா இவ இத்தனை அழுக்கா வச்சிருக்கறாளேன்னு நம்மளைப் பேசுவாங்க. அந்தப் பக்குவம் எனக்கு மட்டும்தான் வரும்னு அவரே சொல்லுவாரு.

டவர் வந்துச்சுங்களா? இல்லையா. பாத்துட்டே இருங்க. கண்ணை எடுத்துராதீங்க.

அப்படி வந்ததுதானுங்க அந்தக் குழாயும். சாதாக் குழாயைக் கழட்டிட்டு இதை மாட்டி ஸ்விட்சைப் போட்டா, அந்த நிமிசமே சுடுதண்ணி கொட்டுமாம். பொட்டியைப் பாத்தா அழகா இருந்துச்சு. சுடுதண்ணிக்கு எங்கூட்டுல சோலார் இருக்குது. அதனால இதுக்குப் போய் எதுக்குக் குழாயைக் கழட்டி மாட்டறதுன்னுட்டு, சிங்க்கு மேல சும்மா நிக்க வச்சு எடுத்தோம். தண்ணி கொட்டறதை சோலார் குழாயில எடுத்து அவரு ஒட்டிக்கிட்டாரு. ஆவி வரோணுமே? பின்னாடி குக்கரை வச்சு வெயிட்டைத் தூக்கினேன். அருமையா வந்துச்சுங்க. நான் கையை நீட்டி, "அப்பாடி, என்ன சூடு"ன்னு உதறினேன். அந்த உதறலைப் பாத்துத்தான் பாதிப் பேரு வாங்கினாங்க. அப்புறம் தொடைச்சு, பொட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிட்டோம்.

பூங்கொடி வாங்குவான்னு நான் கனாக் கண்டனா?

அவ என் தங்கச்சின்னுதான் பேரு, வளத்தது பூராவும் நான்தானுங்க. அம்மா போறப்ப அவ கைக்குழந்தை. என் இடுப்புலயேதான் கிடப்பா. இப்ப அவளுக்கே மூணு வயசுல ஒரு பாப்பா இருக்குது. புருசன் டீ ஃபேக்டரியில வேலை. காத்தால போனா சாயங்காலந்தான் வருவாரு. எஸ்டேட் லைன் வீடு. குளிரு தெரியுமல்ல உங்களுக்கு, நீங்க அந்தப் பக்கந்தானே? தண்ணியைத் தொட்டா விரலு மரத்துப் போகும். பாப்பாவைக் குளிப்பாட்டறதுக்குள்ள இவ படாதபாடு படுவா. வீடியோவைப் பாத்திருக்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வாங்கி மாட்டிட்டு, நேத்துச் சாயங்காலம் போட்டோ எடுத்து அனுப்பறா. "அக்கா, உன் குழாய் வந்துருச்சு"ன்னு. நானும் அந்நேரம் ஒண்ணும் தோணாம, ரெண்டு பூவைத் தட்டி அனுப்பிட்டேன்.

இன்னைக்குக் காத்தால வந்துச்சுங்க வினை.

எனக்குன்னு ஒரு சேனல் உண்டு. எங்கூட்டுக்காரருக்குத் தெரியாமப் பாப்பேன், தெரிஞ்சாக் கத்துவாரு. 'கழட்டிப் பாத்துருவோம்'னு பேரு. பேசறவன் மூஞ்சியே காட்டமாட்டான், ரெண்டு கை மட்டும் தெரியும், ஒரு திருப்புளி இருக்கும். எந்தச் சாமானா இருந்தாலும் பிரிச்சு உள்ள என்ன இருக்குதுன்னு காட்டுவான். காய் நறுக்கறப்ப அதைப் போட்டுட்டுக் கேட்டுட்டிருப்பேன். மத்த சேனல்ல எல்லாம் விடிஞ்சதுல இருந்து அது அருமை, இது பிரமாதம்னே பேசுவாங்க. இவன் ஒருத்தன்தான் நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுவான். ஏதாச்சும் வாங்கறதுன்னா நான் இவனைப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்.

இன்னைக்கு இவன் அந்தக் குழாயைக் கழட்டறான். உள்ள இருக்கற பச்சை ஒயரை இழுத்துக் காட்டறான். கரண்டு கசிஞ்சா நம்ம உடம்புல ஏறாம மண்ணுக்குப் போறதுக்குன்னு ஒரு ஒயர் இருக்குமாமே, அது. ஒண்ணுலயும் சேரலீங்க. நுனியை வெட்டி, மடிச்சு, உள்ள சொருகி வச்சிருக்குது. "தண்ணியில கையை வச்சீங்கன்னா அவ்வளவுதான்"ங்கறான். அதோட விட்டானா? "இதை ஆறு மாசம் யூஸ் பண்ணிப் பாத்தோம்னு ஒரு சேனல்ல சொல்றாங்க. இது கடைக்கு வந்தே ரெண்டு மாசம்தாங்க ஆகுது"ங்கறான்! கீழ எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்குக் கத்தி அப்படியே விரல்ல ஏறிப்போச்சு. பாருங்க, இந்தக் கட்டு அதுக்குத்தான்.

எங்கூட்டுக்காரருகிட்ட ஓடினேன். அவரு அலட்டிக்கவே இல்லீங்க. நம்ம வீடியோவுக்குக் கீழ இதைப்பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு கேட்டேன். "எழுதினாத்தான் தெரியாதே"ன்னாரு. ஷாக்குங்கற வார்த்தை வந்தா அந்தக் கமெண்ட்டு தானா மறைஞ்சுக்கற மாதிரி ஆரம்பத்துலயே பண்ணி வச்சுட்டாராம். போட்டிச் சேனல்காரங்க ஆளை வச்சு எழுதுவாங்கன்னு. தொறந்து காட்டுங்கன்னேன். தொறந்தாரு. நான் பாதிக்குமேல படிக்கலீங்க. படிக்க முடியலை. எங்கம்மாவைத் தூக்கி எறிஞ்சுருச்சுன்னு ஒருத்தன் எழுதியிருக்கறான்.

மத்தவங்களா? மத்தவங்களுக்கு என்னங்க. அவங்க டவுன்ல இருக்கறவங்க, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நல்லபடியா மாட்டியிருப்பாங்க. கம்பெனிக்காரங்க ஏதாச்சும் வழி பண்ணுவாங்க. இப்ப அதையெல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க. எனக்கு என் தங்கச்சிதானுங்க. அவ லைன் வீட்டுல பிளக்குல மூணு ஓட்டை இருக்கும், ஆனா மண்ணுக்குப் போற அந்த மேல் ஓட்டைக்கு ஒயரே கிடையாதாம். அவ புருசன் ஒருக்காச் சொல்லிட்டுச் சிரிச்சாரு. அது இப்பத்தான் ஞாபகத்துக்கு வருது.

காத்தால உடனே போன் பண்ணினேனே! எடுத்தா. பேசினேன். அதுதானே கொடுமை.

"அந்தக் குழாயைக் கழட்டிரு கண்ணு, கரண்டு பில்லு எகிறுது"ன்னேன். "பில்லே ஏறலைன்னு நீதானக்கா சொன்ன, ஆறு மாசம் ஆச்சுன்னு?"ங்கறா. சரி, தண்ணியில உப்பு அடைச்சுக்கும்னேன். "அதெல்லாம் ஒண்ணும் அடைக்காதுன்னும் நீதான் சொன்ன"ங்கறா. மாட்டினது நாள் சரியில்லை, ஜோசியர் சொன்னாருன்னு பாத்தேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. "நான் இப்ப உன்னை நம்பறதா, உன் வீடியோவை நம்பறதா?"ங்கறா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "அக்கா, நீ போட்டுப் பாத்துட்டுத்தானே சொன்ன?"ன்னு கேட்டா.

ஆமான்னேன்.

வேற என்னங்க சொல்றது? அந்த லைன் பூராவும் எங்கக்கா டிவியில வர்றாப்பல வர்றா, எங்கக்கா சொன்னா அப்பீலே இல்லைன்னு சொல்லி வச்சிருக்கறா. அவ புருசன் என்னைக் கண்டா எந்திரிச்சு நிப்பாரு. அந்தப் புள்ளைகிட்டப் போய், நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கலைன்னு எந்த வாயில சொல்லுவேன்? அதுவுமில்லாம எங்கூட்டுக்காரரு பக்கத்துலயே நின்னு கையைக் கையை ஆட்டறாரு. உண்மையைச் சொன்னா ஊரு பூராவும் பரவிரும், சேனலை மூட்டை கட்டோணும்னு. சரி, நேராப் போயிருவோம், கம்பெனியில திரும்பக் கேட்டாங்கன்னு சொல்லிக் கையோட கழட்டி எடுத்துட்டு வந்துருவோம், யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்னு ரோசனை பண்ணிட்டுக் கிளம்பினேன். நல்ல ரோசனைதானுங்களே? போயிச் சேர்ற வரைக்கும் அவ குளிக்காம இருந்தாச் சரி.

எதுக்குங்க பஸ்ஸை நிறுத்தறாரு? எந்திரிச்சுப் பாருங்களேன். லாரியா? வளைவுல சிக்கிருச்சா? அட வனபத்ரகாளி தாயே, உனக்கு என்ன கொறை வச்சேன் நான்? கண்டக்டர், ஏனுங்க கண்டக்டர், எத்தனை நேரம் ஆகும்? தெரியாதுங்கறாரு. எப்படிங்க இத்தனை சாவகாசமா வெத்தலை போடறாரு? இங்கிருந்து நடந்து போயிரலாமுங்களா? ரொம்பத் தூரமா? குறுக்கு வழி ஏதாச்சும் இருக்குதா? நீங்க எதுக்குங்க என்னைப் புடிச்சு உக்கார வைக்கறீங்க, விடுங்க.

தண்ணியா? வேண்டாமுங்க. சரி, ஒரு வாய் குடுங்க.

அவ மத்தியானத்துலதான் பாப்பாவைக் குளிப்பாட்டுவா. கொஞ்சம் வெயில் வந்ததுக்கப்புறம். வெயில் வந்துருச்சே. பாருங்க, அந்த மரத்து மேல வந்துருச்சு. இந்நேரம் பக்கெட்டை வச்சிருப்பா. பாப்பா தண்ணியைக் கண்டா விடமாட்டா, கொட்டற தண்ணிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுத் தட்டுவா. ஐயோ, அதை நெனச்சாத்தான்...

வந்துருச்சா? டவர் வந்துருச்சா? எத்தனை கோடு? ஒண்ணா? ஒண்ணு போதுமுங்க. எனக்கும் வந்துருச்சு. இருங்க இருங்க, பேசாதீங்க. ரிங்கு போகுது. எடுடி. எடு கண்ணு. எடு, எடு, எடு.

அலோ! பூங்கொடி! கேக்குதா? அக்கா பேசறேன். எங்க இருக்கற? என்ன சத்தம் அது, தண்ணிச் சத்தமா?

பாப்பாவுக்குத் தண்ணி புடிச்சிட்டிருக்காளாமுங்க! ஸ்விட்சு போட்டுட்டாளாம்!

ஏய், கையை எடு. தண்ணியைத் தொடாத. பாப்பா எங்க? அவளைக் கிட்ட விடாத. இல்லடி, கரண்டு பில்லுக்கு இல்லை. ஜோசியரும் இல்லை. சொல்றதைக் கேளுடி. வீடியோவா? வீடியோவை விடு. ஆமா, சொன்னேன். ஆறு மாசம்னு சொன்னேன். ஆமா, காத்தாலகூட ஆமான்னு சொன்னேன். அது வந்து... கம்பெனியில இருந்து... சிரிக்காதடி! சிரிக்காத! நாங்க அதை மாட்டவே இல்லை பூங்கொடி! ஒரு நாள்கூட மாட்டலை! ஆறு மாசம்னது பொய்யி. அந்த ஆவி குக்கர் ஆவி. நான் கையை உதறினது பொய்யி. எல்லாமே ஒரே மத்தியானம்டி! தொடாத, உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன், தொடாத!

அலோ? அலோ?

பேச்சே காணமுங்க. லைன் இருக்குது, தண்ணிச் சத்தம் மட்டும் கேக்குது. பஸ்ஸே திரும்பி என்னைப் பாக்குது. பாக்கட்டும். பூங்கொடி! அடியே, ஒரு வார்த்தை பேசு! பூங்கொடி!

ஆ, இருக்கறியா. வெளிய வந்துட்டியா? பாப்பாவும் வந்துட்டாளா? சரி. அந்த ஸ்விட்சைத் தொடாத. ரப்பர் செருப்பைப் போட்டுக்க. கையை நல்லாத் தொடைச்சுட்டுப் போய் மெயினை ஆஃப் பண்ணு. போ, நான் இருக்கறேன்.

ஆஃப் பண்ணிட்டாளாமுங்க. ஒண்ணும் ஆகலை. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலை. அம்மா தாயே, உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு. அழுகை அழுகையா வருதுங்க. கோவமா இருக்கறா போல. இருக்கட்டும். ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பா, அப்புறம் சரியாயிருவா. என் தங்கச்சிதானே.

என்ன கண்ணு? கேக்கலை, கொஞ்சம் சத்தமாச் சொல்லு. தெர்மாமீட்டரா? எந்தத் தெர்மாமீட்டரு? நெத்திக்கு நேராக் காட்டறதா? ஆமா, போட்டோம், மழைக்காலத்துல. ஆமா, அதுலயும் கடைசியில நான்தான் வருவேன். அதை வாங்கினயா நீ? அதை எதுக்குடி இப்பக் கேக்கற?

பாப்பாவுக்கு முந்தாநாள்ல இருந்தே உடம்பு சுடறாப்பல இருக்குதாமுங்க. சோறு இறங்கலையாம். சுருண்டு சுருண்டு படுத்துக்கறாளாம். அந்த மெஷினை வச்சுப் பாத்தா ஒண்ணுமில்லைன்னே காட்டுதாம். அதனால ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலையாம். சுடுதண்ணியில குளிப்பாட்டினாத் தெளிஞ்சுக்கும்னுதான் இப்பத் தண்ணி புடிச்சாளாம்.

ஏன்டி, புள்ளையைக் கையை வச்சுப் பாக்கத் தெரியாதா உனக்கு? அதுக்குமா மெஷினு? நானா? நான் எப்பச் சொன்னேன்?

நான் சொன்னேனாமுங்க. "கையை வச்செல்லாம் பாக்காதீங்க, நம்ம கை சில்லுன்னு இருந்தா சுடாத உடம்பும் சுடும், மெஷினை நம்புங்க"ன்னு நான்தான் வீடியோவுல சொன்னேனாம். மலையில கை எப்பவும் சில்லுன்னுதானே கிடக்குது, அதான் அக்கா சொன்னது சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாளாம். தொடத் தொட அவளுக்குச் சுட்டுச்சாம். அப்படியும் விட்டுட்டாளாம்.

அழுகாத. அழுகாத கண்ணு. என்ன கேக்கற? அதுவா?

அதுவும் அப்படித்தான் பூங்கொடி. அன்னைக்கு அவரு நெத்திக்கு நேராக் காட்டினோம், என்ன வந்துச்சோ அதைப் படிச்சோம். சரியாக் காட்டுதான்னு யாரும் பாக்கலை. அதைத் தூக்கி அந்தப் பக்கம் போடு. ரெண்டு கையையும் நல்லாத் தேய்ச்சுச் சூடாக்கிக்க. சூடாயிருச்சா? பாப்பா வயித்துல வை. கழுத்துல வை. நான் லைன்லயே இருக்கறேன், எங்கயும் போகலை. பாத்துட்டுச் சொல்லு.

ஏனுங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன். அவ சொல்றது எனக்குக் கேக்கோணும்.